காலங்காலமாக என்றால் எப்போதிருந்து

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. உனக்கு அப்பாவாக யார் வரப்போகிறார் என்று எனக்கே இன்னும் தெரியாது. எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. திருச்சுழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு செல்போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வெளியே கட்டிலில் அப்பா இருமினால் வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் கிடக்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். என்னோடு படிக்கும் முத்துமாரியிடம் சொன்னால் காலை பஸ் பரளச்சியைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீ ஒருவன்தான் குறுக்கே பேசமாட்டாய். மகனாகத்தான் பிறப்பாய் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். மகள் என்றால் இதையெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியிருக்காது, அவளுக்கே தெரிந்துவிடும். மகனுக்குத்தான் சொல்லி வைக்க வேண்டும்.

இன்றைக்கு எனக்குப் பரிசம் போட வந்தார்கள். போடாமலே திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குக் காரணம் நான். நாளைக் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவார்களா என்று தெரியவில்லை. விட்டால் பங்குனியில் பரீட்சை எழுதி, அருப்புக்கோட்டையில் காலேஜ் சேருவேன். விடாவிட்டால் வைகாசியில் எனக்குக் கல்யாணம். இரண்டில் எது என்று இந்த வீட்டில் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. போர்வைக்குள் எழுதுவதால் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். செய்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, ‘பாவம், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள்’ என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இது ஒரு இங்கிலீஷ் வகுப்பில் ஆரம்பித்தது. எங்கள் இங்கிலீஷ் டீச்சரின் அக்கா இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறார். அந்த அக்கா போனில் சொல்லும் பேச்சு இங்கிலீஷை டீச்சர் சனிக்கிழமை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவார். மார்கழியில் ஒரு சனிக்கிழமை ‘ஃபார் ஏஜஸ்’ என்று போர்டில் எழுதினார். யுகம் யுகமாக என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் நான் ராஜா கதை வரப்போகிறது என்று நினைத்தேன். டீச்சர் சொன்னது வேறு. “வெள்ளைக்காரவுக பஸ் ஸ்டாப்ல பத்து நிமிசம் நின்னாலே ஃபார் ஏஜஸ் நின்னேன்னுதான் சொல்லுவாக” என்றார். முத்துமாரி எழுந்து, “அப்ப நம்ம ஊரு பஸ்ஸுக்கு நிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே கெடையாதா டீச்சர்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டு, “கெடையாது, நீதான் கண்டுபிடிக்கணும், ஒக்காரு” என்றார்.

போன மாதம் பார்த்த சிநேகிதியை இன்று மறுபடி பார்த்தாலும், உன்னைப் பார்த்து ஏஜஸ் ஆயிற்று என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம். சோறு வேகக் கொஞ்சம் தாமதமானாலும் ஏஜஸ். கடையில் மிச்சக் காசு கொடுக்க நேரமானாலும் ஏஜஸ். நான் எழுந்து, “அப்ப அது பொய்தான டீச்சர்?” என்று கேட்டேன். “பொய் எப்படி ஆகும்? அவுக நேரத்தச் சொல்லல, இருந்து இருந்து சடைஞ்சு போச்சுன்னு சொல்றாக. கேக்குறவுகளுக்கும் அது தெரியும். பத்து நிமிசந்தான நின்னேன்னு ஒருத்தரும் சண்டைக்குப் போக மாட்டாக” என்றார். பிறகு எங்களை நடிக்கச் சொன்னார். முத்துமாரி டாக்டர், நான் நோயாளி. எனக்கு ஃபார் ஏஜஸ் வயிறு வலிக்கிறது என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். முத்துமாரி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சரித்தா, மாத்திரை தாரேன், போயிட்டு அடுத்த ஏஜஸ்ல வா” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடங்கியதும் டீச்சர், “அங்கதான் நீ தப்பு பண்ணுன. நெச டாக்டரா இருந்தா உடனே ‘ஹவ் லாங்’னு கேப்பாரு. எத்தன நாளா, எப்பலருந்து. எங்க அக்கா ஒரு நாளைக்கு அம்பது தடவ அதத்தான் கேக்குதாம். காரியம்னு வந்துட்டா ஏஜஸ் செல்லாது. திருப்பிக் கேக்கணும். கேட்டா அவுகளும் கோவிச்சுக்கிட மாட்டாக” என்றார். மணி அடித்தது, நாங்கள் போய்விட்டோம். அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு எல்லாமே ஏஜஸ்தான். ஏஜஸ் ஆகப் பசிக்கிறது, ஏஜஸ் ஆகத் தூக்கம் வருகிறது. விளையாட்டு சலித்துப்போய் விட்டுவிட்டோம். ஆனால் எனக்குக் காது மாறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சில் எத்தனை ஏஜஸ் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். அம்மா ஒரு தடவைதான் கூப்பிட்டிருப்பாள், நான் திரும்புவதற்குள் “எம்புட்டு நேரமாக் கத்துறேன்” என்பாள். போன வாரம் சந்தையில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “ஒன்னயப் பாத்து எம்புட்டுக் காலமாச்சு” என்று கன்னத்தைக் கிள்ளுவாள். மகனே, அந்த மாதிரி யாராவது உன்னிடம் சொன்னால் நாள் எண்ணிக் காட்டாதே. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடு. அது பிரியம். பிரியத்திடம் கணக்குக் கேட்கக் கூடாது.

இனி வேறு மாதிரிக் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். எம். ரெட்டியபட்டியில் என் மாமா இருக்கிறார், அம்மாவோடு கூடப் பிறந்த அண்ணன். அவர் மகன் எனக்கு மச்சான் முறை. மச்சான் லோடு வேன் ஓட்டுகிறார், என்னைவிட எட்டு வயது மூத்தவர். கெட்டவர் இல்லை. அதிகம் பேசமாட்டார். பருத்தி மூடை ஏற்ற வந்தால் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வாரேன் அத்த” என்று கிளம்பிவிடுவார். பொங்கல் முடிந்த மறுநாள் மாமா வந்து, தை மாதத்துக்குள் பரிசம் போட்டுவிடுவோம், கல்யாணத்தைப் பிள்ளைக்கு வயது வந்ததும் வைகாசியில் வைத்துக்கொள்வோம் என்றார். அப்பா சரி என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, “அப்பா, நான் காலேஜ் போகணும்” என்றேன். மாமா சிரித்தார். “யாருத்தா வேணாம்னா? கட்டிக்கிட்டுப் படி. நம்ம வீட்டுலருந்து டவுனுக்கு எந்நேரமும் பஸ்ஸு கெடக்கு” என்றார். மாமா வீட்டு மூத்த மருமகளும் காலேஜில் பாதி படித்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போனாள். இப்போது அவளுக்கு மாடு கறக்கவே நேரம் சரியாக இருக்கிறது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “காலங்காலமாப் பேசி வச்சதுடீ. எங்க அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்” என்றாள்.

காலங்காலமாக. ஆவணியில் இதே மாமாதான் மச்சானுக்குப் பாலவனத்தத்தில் பெண் பார்த்தார். அத்தை முறைக்கு அம்மாவும் கூடப் போனாள். பெண் சிவப்பு, பல் வரிசை நல்லா இருக்கு என்று வந்து சொன்னாள். அவர்கள் வீட்டில் கொடுத்த லட்டில் எனக்கு இரண்டு எடுத்து வந்தாள், நானும் தின்றேன். பிறகு அந்தப் பெண் வீட்டார், வேன் ஓட்டுகிற மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு தீபாவளிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வழக்கத்தைவிடப் பெரிய பையோடு வந்தார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அது வேற, இது வேற” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, மகனே. பொங்கலிலிருந்து இந்தப் பதினைந்து நாளும் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் மனதில் உண்மையாகவே இது காலங்காலமாக உள்ளதுதான். அண்ணன் வீட்டுச் சொந்தம் விட்டுப்போகாது, நம் உறவு அறுந்துவிடாது என்கிற நிம்மதிக்கு அவள் வைத்திருக்கிற பெயர் அது. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் நான் தலையைக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீ வளருகிற காலத்தில் இருக்குமோ என்னவோ, அதனால் சொல்கிறேன். பரிசத் தாம்பாளம் கைமாறுவதற்கு முன்னால், பங்காளிகளில் மூத்தவர் சபையில் எழுந்து, “இது யாரு பேசுன பேச்சு, எப்பப் பேசுனது?” என்று கேட்பார். அந்நியத்தில் சம்பந்தம் என்றால், பேசி முடித்தவர் எழுந்து, நான்தான் பேசினேன், இன்ன மாதத்தில் பேசினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், மூத்தவர் பெண்ணைக் கூப்பிட்டு, சம்மதமா என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்பார். முறைமாப்பிள்ளை என்றால் இதெல்லாம் கிடையாது. தாய்மாமன், “காலங்காலமா உள்ள பேச்சு” என்று சொன்னால் போதும். சபை சரி என்று சொல்லும், தாம்பாளம் மாறும். பெண்ணைக் கேட்க மாட்டார்கள். காலங்காலமாக உள்ளதை யாரைக் கேட்பது?

இன்று மத்தியானம் வாசலில் பந்தல் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எனக்கு அத்தை தலை சீவிப் பூ வைத்துவிட்டாள். நிலைப்படிக்கு உள்ளே பெண்களோடு நின்றேன். தாம்பாளத்தில் அரக்குக் கலர்ப் பட்டு இருந்தது. எங்கள் பெரியய்யா எழுந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், சபை முறை ஒன்று குறைந்தாலும் சாப்பிடாமல் போகிறவர். வழக்கப்படி கேட்டார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, “காலங்காலமா உள்ள பேச்சு” என்றார். சபை சரி என்று சொல்ல வாயெடுத்தது. எனக்கு அந்த நேரத்தில் என்ன தைரியம் என்று கேட்காதே, தைரியமே இல்லை. குரல் மட்டும் எப்படியோ வந்துவிட்டது. “பெரியய்யா, எப்பலருந்துன்னு கேளுங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா என் முழங்கையில் நகத்தைப் பதித்தாள். பெரியய்யா, “என்னத்தா?” என்றார். “காலங்காலமான்னா எப்பலருந்து? மாமாட்ட கேளுங்க” என்றேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. “நீ பொறந்ததுலருந்துதான் தாயி. தொட்டில் கட்டுன அன்னைக்கே முடிஞ்சு போச்சு” என்றார். பந்தலில் நாலு பேர் சிரித்தார்கள். பெரியய்யாவுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். மச்சான் பக்கம் திரும்பி, “ஏப்பா மாப்ள, பொண்ணு கேக்குதுல்ல, நீயே ஒரு வார்த்த சொல்லிப்புடு. எப்பலருந்து?” என்று கேட்டார்.

மச்சானுக்கு ஒளிக்கத் தெரியாது. லோடு எத்தனை மூடை என்று கேட்டால் சொல்வதுபோல, “தீவாளிலருந்து” என்றார். மாமா, “ஏலே” என்றார். மச்சான் அவர் கோபப்படுவதைப் பார்த்துக் குழம்பிப்போய், “அதுக்கு முந்தி பாலவனத்தத்துலல்லப்பா பேசிக்கிட்டு இருந்தீக” என்றார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவதுபோலச் செய்தார்கள். என் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து, “அவன் கெடக்கான் பெரியவரே, நீங்க தட்ட மாத்துங்க” என்றார். பெரியய்யா மாற்றவில்லை. அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. எரிச்சல்தான் வந்தது. “எப்படிய்யா மாத்த? காலங்காலமான்னு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒரு கேள்வியும் இல்ல. சபையில மாசத்தச் சொல்லிப்புட்டான் ஒம் மகன். மாசம் சொன்னா பொண்ணக் கேக்கணும்ல? நான் கேக்காம விட்டா நாளைக்கி எம் பேத்திக்குப் பரிசம் போடயில எவன் மொற பாப்பான்?” என்றார். பிறகு வேண்டாவெறுப்பாக என் பக்கம் திரும்பி, “சம்மதமாத்தா?” என்று கேட்டார்.

“இல்ல பெரியய்யா. நான் படிக்கணும்” என்றேன். இந்தப் பதினைந்து நாளில் நான் அதை எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்தேன். அடுப்படியில் சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன், சாப்பிடாமல் இருந்து சொன்னேன். அப்போதெல்லாம் அது பிள்ளைப் பேச்சாக இருந்தது. சபை கேட்டுச் சொன்னதால் இன்று அது பதிலாகிவிட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கறிச்சோறு அடுப்பில் இருந்தது, யாரும் சாப்பிடவில்லை. வேனில் ஏறும்போது மாமா மச்சானைப் பார்த்து, “ஒனக்கு இன்னைக்கி வாயில கொழுக்கட்ட இருந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டது எங்கள் வாசல்வரை கேட்டது. மச்சான், “கேட்டாக, சொன்னேன்” என்றார். அவரையும் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பாலவனத்தத்துப் பெண்ணை அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ.

நீ வளர்ந்தபிறகு உனக்கும் மீசை வரும், உன் பேச்சுக்கும் நாலு பேர் தலையாட்டுவார்கள். அப்போது காலங்காலமாக என்கிற சொல் உன் வாய்க்குத் தானாக வரும், வாய்க்கு இதமாகவும் இருக்கும். சொல்லிக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி இன்னொருவரிடம் ஒன்றை வாங்கப் போகிறாய் என்றால், சொல்லும் முன் நீயே உன்னைக் கேட்டுக்கொள், எப்போதிருந்து என்று. இங்கிலீஷ்காரர்கள் பஸ்ஸுக்கு நின்ற பத்து நிமிடத்தை யுகம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் கேட்டால் கூசாமல் இரண்டு நாள் என்று திருத்திக்கொள்கிறார்களாம். நம் ஆட்களுக்கு அந்தத் திருத்தம்தான் வருவதில்லை. கேட்டால் அவமானம் என்கிறார்கள். நீ என் பிள்ளையாக இருந்தால், உன்னை யாரேனும் ஒரு பெண் திருப்பிக் கேட்டால், மச்சானைப் போல மாதத்தைச் சொல். மாமாவைப் போலச் சிரிக்காதே. அந்தச் சிரிப்பை என்னால் இந்த ஜென்மத்தில் மன்னிக்க முடியாது.

வேன் போனபிறகு அம்மா என்னோடு பேசவில்லை. பூவை நானே எடுத்து வைத்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அப்பா பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்புகளை அடுக்கி முடித்துக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமலே, “காலேஜு எத்தன வருசம்?” என்று கேட்டார். “மூணு வருசம்ப்பா” என்றேன். தண்ணீர் வழிகிற கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ரொம்பக் காலமால்ல இருக்கு” என்றார். மூன்று வருடம் ரொம்பக் காலமா என்று நான் வாதாடவில்லை. அந்த மூன்று வருடமும் மாமா வீட்டுக்கு முகம் கொடுக்க வேண்டியவர் அவர், ஊர் பேசுவதைக் கேட்க வேண்டியவர் அவர். அவருக்கு அது யுகமாகத்தான் இருக்கும். “ஆமாப்பா, ரொம்பக் காலந்தான்” என்றேன். “அம்புட்டுக் காலமும் நான் போவேன்.”

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காலையில் அது கொடியில் இருந்தாலும் ஒளித்து வைத்திருந்தாலும் முதல் பஸ்ஸுக்கு நான் போவேன், பாவாடையோடு என்றாலும் போவேன். மகனே, நீ வருவதற்கு இன்னும் ரொம்பக் காலம் இருக்கிறது. எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால், அதை நான்தான் சொல்வேன்.